ரோடு அகலமானால் கடைக்கு ஆள் வருமா?

குன்னூர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு மொட்டை போட்டுக் காது குத்திய சேதி கேட்டு இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. மழையும் வீட்டம்மாவின் மூட்டுவலியும் சேர்ந்து எங்களை நகரவிடவில்லை.

உன் மச்சினனின் பேக்கரியைப் பற்றி எழுதியிருந்தாய். ரோடு ஆறு வழி ஆகிவிட்டது, கடை முன்னால் வண்டி ஓட்டம் கூடிவிட்டது, வியாபாரம் மட்டும் பாதியாகிவிட்டது, இது என்ன கணக்கு என்று கேட்டாய். கணக்கு சரிதான் மாப்ளே. அறுபதில் போகிறவன் போர்டைப் பார்த்து, நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் கடை பின்னால் போயிருக்கும். அப்புறம் ரோட்டு நடுவில் வைத்த அந்தத் தடுப்பு, மீடியன். எதிர்ச்சாரியில் இருக்கிறவர் ஒரு டீயும் பன்னும் சாப்பிட அரை கிலோமீட்டர் போய் யூ டர்ன் அடித்தா வருவார்? இத்தனை வருஷம் கடையை ஓட்டியது காரில் வந்தவர்கள் இல்லை, பஸ்ஸுக்கு நின்றவர்களும் பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பியவர்களும்தான்.

டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்று ஒருவர், சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஆராய்ந்திருக்கிறார். தினம் 2,000 வண்டி ஓடிய தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள். 16,000 வண்டி ஓடிய தெருவில் ஒருவர்கூடத் தேறவில்லை, 0.9தான். வாசலில் உட்காருவதையே அங்கே விட்டுவிட்டார்கள். வாசலில் ஆள் இல்லாத தெருவில் மச்சினன் யாருக்குக் கடன் கொடுத்து, யாரிடம் கதை பேசி வியாபாரம் செய்வது?

சீசன் வந்தால் இங்கேயும் அதே பேச்சுதான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரயில்வே கேட் போட்டுவிட்டால் வண்டிகள் எங்கே வரை நிற்கும் என்று உனக்குத் தெரியும். உடனே யாராவது ரோட்டை அகலப்படுத்தணும் என்பார்கள். மலையில் அகலம் எங்கிருந்து வரும்? ஒரு பக்கம் சரிவை வெட்டணும், இல்லை கடையை இடிக்கணும். 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் போனார்கள். அதைப் பார்த்தவனுக்குச் சரிவை வெட்டுவது என்றாலே வயிற்றைக் கலக்கும்.

இங்கே குன்னூர் மவுண்ட் ரோடு கடைக்காரர்கள் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். பார்க்கிங் இல்லாததால்தான் வியாபாரம் இல்லை என்பது அவர்கள் கட்சி. இங்கிலாந்தில் பிரிஸ்டல் கடைக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்களாம். வாடிக்கையாளர்களில் நூற்றுக்கு 41 பேர் காரில் வருவதாகச் சொன்னார்கள், எண்ணிப் பார்த்தால் 22 பேர்தான். இங்கே மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை அரிசி பருப்பு வாங்குகிற எஸ்டேட்காரர்கள் எத்தனை பேர் காரில் வருகிறார்கள், நீயே சொல். டூரிஸ்ட் கார் வர்க்கிப் பொட்டலம் இரண்டு வாங்கிக்கொண்டு ஊட்டிக்குப் பறந்துவிடும்.

ரோடே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் போகணும், காய்கறி லாரி இறங்கணும். ஊருக்கு வெளியே போகிற வண்டி வெளியிலேயே போகட்டும், கடைவீதி வழியாகப் பாய வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான். சீசனில் குன்னூர் வழியாக ஏற்றி கோத்தகிரி வழியாக இறக்குகிறார்களே, அதுவே பாதி நெரிசலைக் குறைக்கிறது. 2025 சீசனுக்கு உயர் நீதிமன்றம் நீலகிரிக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தது. லாட்ஜ்காரர்கள் கொதித்தார்கள், அவர்கள் பயமும் நியாயம்தான்.

மச்சினன் கடையை அவசரப்பட்டுக் காலி பண்ண வேண்டாம் என்று சொல். பின்னால் இருக்கிற குறுக்குத் தெருப் பக்கம் ஒரு வாசல் திறக்க முடியுமா என்று பார்க்கட்டும், நடந்து போகிறவர்கள் இனி அந்த வழியாகத்தான் போவார்கள். கட்டடச் சொந்தக்காரர் சம்மதிக்கிறாரா என்று கேட்டு எழுது. நீ வருவதானால் பஸ்ஸிலேயே வா, காரில் மலை ஏறுகிறவர்கள் எடுக்கிற இ-பாஸ் தொல்லை இல்லை.

உன்,
குன்னூர்க்காரன்