சனிக்கிழமை லொறி வாறதுக்கு முதல்: எங்கட வாசிகசாலை நிர்வாக சபைக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அண்ணை, செயலாளர் தம்பி, பொருளாளர், மற்ற நிர்வாக சபை ஆக்கள் எல்லாருக்கும் வணக்கம்.

முதல்ல வைபரில தனியாத்தான் எழுதினன், பாத்ததெண்டு காட்டுது, பதில் இல்லை. தலைவருக்கு ரெண்டுதரம் கோல் எடுத்தன், ரெண்டுதரமும் மீற்றிங்கில நிக்கிறார் எண்டு அக்கா சொன்னா. அதால எல்லாரும் வாசிக்கட்டும் எண்டு இஞ்ச எழுதுறன், கோவிக்காதேங்கோ.

விசயம் உங்களுக்குத் தெரியும். போன கிழமை குரூப்பில போட்ட படம். புது ரைல்ஸ், புது ஃபான், நாடா வெட்டுறியள், குத்துவிளக்கு எரியுது, வடிவாத்தான் இருக்கு. அந்த ரைல்ஸுக்கு நானும் காசு அனுப்பினனான், அதால நானும் பெருமையாத்தான் பாத்துக்கொண்டிருந்தன். பாக்கேக்க படத்தின்ர இடப்பக்க மூலையில, தண்ணித் தாங்கிக்குக் கீழ, நீலத் தறப்பாளால பாதி மூடினபடி சணல் கயிறு கட்டின கட்டுகள் தெரிஞ்சுது. பெரிசாக்கிப் பாத்தன், நெஞ்சு திக்கெண்டுது. அது மர அலுமாரிக்குள்ள இருந்த பழைய பேப்பர் கட்டுகள், சின்ன வயசில நாங்கள் தொட்டா அடி விழுந்த கட்டுகள்.

அடுத்த நாள் காலமை மச்சானை அனுப்பிப் பாக்கச் சொன்னன். மேல கிடந்த ரெண்டு கட்டும் மழையில ஊறி, தேத்தண்ணியில தோய்ச்ச பாண் மாதிரிக் கையோட வருதாம். அடியில கறையான். நடுவில இருந்த ஒண்டுதான் தப்பியிருக்கு, அவன் கயித்தை அவிட்டுப் படம் எடுத்து அனுப்பினான், ஈழகேசரி, அந்தக் காலத்து யாழ்ப்பாணத் தமிழ்ப் பத்திரிகை, 1931. மூலையைப் பிடிச்ச உடன அப்பளம் மாதிரி நொருங்கிச்சாம், பயத்தில திரும்பக் கட்டி வைச்சிட்டான். அங்க நிண்ட செயலாளர் தம்பி சொன்னாராம் சனிக்கிழமை பழைய பேப்பர்காரன்ர லொறி வருது, கிலோ கணக்கில போகுது எண்டு.

என்ர வேண்டுகோள் ஒண்டே ஒண்டுதான். அந்தக் கட்டுகளை லொறியில ஏத்தாதேங்கோ. மழை படாத ஒரு இடத்தில, நிலத்தில இல்லாம ஒரு மேசையில வையுங்கோ. ஸ்கான் பண்ணத் தெரிஞ்ச ஆக்களோட நான் கதைச்சிட்டன், அவை வருவினம், வாசிகசாலைக்கு ஒரு சதம் செலவில்லை.

1931 எண்டா என்னெண்டு நான் உங்களுக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை, நிர்வாகத்திலயே ரெண்டு பேர் ரிட்டயர்ட் வாத்திமார். ஆனா தம்பி மச்சானிட்ட "உதில என்ன கிடக்கு, பழைய பேப்பர்தானே" எண்டு கேட்டவராம், அதால சொல்லவேண்டிக் கிடக்கு. இலங்கைக்கு எல்லாருக்குமான வாக்குரிமை வந்த வருசம் தம்பி அது. அதுக்கு முதல் சொத்து, படிப்பு, சம்பளம் எல்லாம் பாத்து நூறில நாலு பேருக்குத்தான் வோட்டு. அரசியலமைப்பைத் திருத்த வெள்ளைக்காரன் அனுப்பின டொனமூர் கமிஷன் முதல்ல பொம்பிளையளுக்கு முப்பது வயசு எண்டுதான் சொன்னது, பிறகு ஆம்பிளை பொம்பிளை எல்லாருக்கும் 21 எண்டு ஆச்சு. இங்கிலாந்திலயே பொம்பிளையளுக்குச் சமனா வோட்டு வந்தது 1928இல, மூண்டே வருசத்தில எங்களுக்கு. இதெல்லாம் வேண்டாம் எண்டு சேர் பொன். இராமநாதன் மாதிரிப் பெரிய ஆக்களே எதிர்த்தவை. மலையகத் தோட்டத்துச் சனத்துக்கு மட்டும் இந்த நாட்டிலதான் நிரந்தரமாக் குடியிருக்கிறம் எண்டு காட்டு எண்டு ஒரு வேலியும் போட்டினம், அது தனிக் கதை.

ஜூன் மாதம் தேர்தல். அரசாங்க சபைக்கு, அதுதான் அந்தக் காலத்துப் பாராளுமன்றம் மாதிரி, 50 பேரைச் சனம் தெரிவு செய்யவேணும். வடக்கில யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை, இந்த நாலு தொகுதிக்கும் ஒருத்தரும் நொமினேஷன் போடேல்லை. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்பு எண்டு சொன்னது, பெரிய மனுசர் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கினவை. அந்தக் காங்கிரஸை நடத்தின ஹன்டி பேரின்பநாயகமும் மற்றவையும் கேட்டது பூரண சுயராஜ்ஜியம், டொனமூர் தந்த அரை குறை வேண்டாம் எண்டு. 1927இல காந்தியை யாழ்ப்பாணத்துக்குக் கூப்பிட்ட பெடியள் அவை, பள்ளிக்கூடத்தில எல்லாச் சாதிப் பிள்ளையளும் ஒண்டா இருக்கவேணும் எண்டு கேட்டவை, அவையின்ர நேர்மையில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. தெற்கும் சேந்து வரும் எண்டு நம்பிச்சினம். தெற்கில பாராட்டினவையும் இருந்தவை, ஆனா தேர்தல் நடந்துது, சபை ஜூலையில கூடிச்சுது, ஏழு மந்திரிமாரும் வந்திட்டினம். அதில தமிழர் எண்டா ஹற்றனில வெண்ட பெரி சுந்தரம் ஒருத்தர்தான். எங்கட நாலு கதிரையும் 1934 மட்டும் வெறுமையாக் கிடந்துது.

இது புத்தகத்தில இருக்கு, எல்லாத்திலயும் ஒரே வசனம்தான், "நான்கு தொகுதிகள் வெற்றிடமாக இருந்தன." சரி, அந்த நாலு தொகுதியில இருந்த சனம்?

என்ர அம்மம்மாவுக்கு அப்ப 22 வயசு. நாலு வீடு தள்ளித்தான் இருந்தவா, உங்களில கனபேருக்கு அவவைத் தெரியும், பின்னேரத்தில வெத்திலைத் தட்டோட திண்ணையில இருப்பா. அவ சொல்லுற கதை ஒண்டு, "எனக்கு வோட்டு வந்த வருசம் எங்கட ஊருக்கு எலெக்சன் வரேல்லை." நாங்கள் சிரிப்பம். அவ சிரிக்கமாட்டா. கொய்யாவைக் காட்டிப்போட்டுத் திரும்ப மடிக்குள்ள வைச்ச மாதிரி எண்டுவா. அதே வருசம் ருவன்வெல்லவில அடலின் மொலமுறே எண்ட அம்மா இடைத்தேர்தலில வெண்டு சபைக்கே போயிட்டா, இஞ்ச அம்மம்மாவுக்கு ஒரு துண்டு போடக்கூட இடமில்லை. கடைசியில 1934 இடைத்தேர்தலிலதான் போட்டவா. அப்ப ஆளுக்கொரு நிறம், பெட்டிக்கு நிறம் அடிச்சிருப்பினம், எழுத்துத் தெரியாத சனமும் போடவேணும் எண்டு. தான் போட்ட பெட்டி என்ன நிறம் எண்டு கேட்டா ஒருக்காப் பச்சை எண்டுவா, ஒருக்கா மஞ்சள் எண்டுவா, பிறகு அது உனக்கு ஏன் எண்டுவா. காலமை வெள்ளனக் குளிச்சுக் கூறைச்சீலை கட்டிக்கொண்டு போனது மட்டும் ஒருநாளும் மாறினதில்லை.

பெடியள் கேட்டது பெரிய விசயம்தான். ஆனா அம்மம்மாவிட்ட ஒருத்தரும் கேக்கேல்லை. எங்கட கிணத்தில தண்ணி அள்ள விடாம வைச்சிருந்த சனத்துக்கும் அந்த வருசம்தான் முதல் முதல் வோட்டு வந்தது, அவையிட்டயும் ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டினம். யாராவது அப்ப வாய் திறந்தவையோ, ஆசிரியருக்குக் கடிதம் எழுதினவையோ, ஏசினவையோ, எங்கட ஊரில கூட்டம் நடந்ததோ, இதெல்லாம் எங்க கிடக்கும் எண்டு நினைக்கிறியள்? உந்தத் தண்ணித் தாங்கிக்குக் கீழதான் கிடக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், திறந்து பாத்தாத்தானே தெரியும்.

1981இல யாழ்ப்பாண நூலகத்தை எரிச்சவங்கள், தொண்ணூற்றேழாயிரம் புத்தகம் எண்டு நாங்கள் வருசா வருசம் மே முடிய ஜூன் தொடங்க நினைவுக் கூட்டம் வைக்கிறம், நீங்களும் போன வருசம் வாசலில விளக்கு வைச்சனீங்கள், படம் பாத்தன். நெருப்பு வைச்சவனைத் திட்ட எங்களுக்கு நல்லாத் தெரியும். எங்களுக்கு நெருப்பே தேவையில்லை அண்ணை, ஒரு தறப்பாளும் ரெண்டு மழையும் காணும். குறைஞ்சது அவங்களுக்கு அது என்னெண்டு தெரிஞ்சிருந்தது.

ரைல்ஸ் பதிச்சதுக்கு உபயகாரர் பேர் கல்லில வெட்டியிருக்கு, என்ர பேரும் மூண்டாவதா இருக்கு, நன்றி. ஃபானுக்கு ஒரு கல், வாசல் கேற்றுக்கு ஒரு கல். வாசிக்க ஒண்டும் இல்லாட்டியும் இனி வாறவை சுவரில எங்கட பேரையாவது வாசிக்கலாம். வைஃபை போடப் போறியளாம், போடுங்கோ, ஆனா வாசிகசாலை எண்ட போட்டை அப்ப கழட்டி வைச்சிடுங்கோ.

சரி, கோவம் வந்திட்டுது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எண்பத்தேழு, தொண்ணூறு, தொண்ணூற்றஞ்சு இடம்பெயர்வு எல்லாத்துக்குள்ளாலயும் அந்த அலுமாரியைக் காப்பாத்தினது உங்களுக்கு முதல் இருந்த நிர்வாகங்கள், உங்களிலயும் ரெண்டு பேர் அதில இருந்தவை. இடம் இல்லாமத்தான் வெளியில வைச்சனீங்கள் எண்டும் விளங்குது, வேணுமெண்டு செய்யேல்லை எண்டும் தெரியும். பேப்பர்காரன் தாற காசு எவ்வளவோ அதை நான் அனுப்புறன், ரெண்டு மடங்காவும் அனுப்புறன், கல்லில பேர் வேண்டாம். அலுமாரி ஒண்டு வாங்கவேணும் எண்டாலும் சொல்லுங்கோ.

தயவு செய்து சனிக்கிழமை அந்தக் கட்டுகளை ஏத்த விடாதேங்கோ. வெள்ளிக்கிழமை பின்னேரம் அஞ்சு மணிக்கு மச்சான் ஓட்டோவோட வருவான், பின் கேற்றுத் திறப்பை மட்டும் ஆரிட்டயாவது குடுத்து விடுங்கோ. நனைஞ்ச ரெண்டு கட்டையும் எறியாதேங்கோ, வெய்யில்லயும் காயப் போடாதேங்கோ, அப்பிடியே தூக்கித் தாங்கோ.

இப்படிக்கு,
உங்கட கல்லில மூண்டாவது பேர்