நெகட்டிவ்களை எறிந்துவிடாதீர்கள்: பினாங்கு ஆலய, சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பொறுப்பாளர்களே, வணக்கம்.

பழைய படங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் வேலையில் நீங்கள் பலர் இறங்கியிருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அந்த வேலை முடிந்ததும், "இனி இவை எதற்கு?" என்று நெகட்டிவ்களைக் குப்பைக்கு அனுப்புவதும் நடக்கிறது. அதைத் தடுக்கத்தான் இம்மடல்.

ஜார்ஜ் டவுனில் ஒரு சங்கத்திடம் பழைய தைப்பூசப் படங்களைக் கேட்டுப் போனேன். ஒரு பென்டிரைவைக் கொடுத்தார்கள். உள்ளே இருந்தவை முகநூலில் போடுவதற்காகச் சிறிதாக்கிய கோப்புகள். வெள்ளி ரதத்தின் முன்னே நிற்கும் பெரியவர்களின் முகங்களைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகச் சிதறுகின்றன. நெகட்டிவ்களை அலுவலகம் மாறும்போதே தூக்கிப் போட்டுவிட்டார்களாம். இன்றுவரை எனக்கு மனம் ஆறவில்லை.

ஐயா, அம்மா, நெகட்டிவ்தான் மூலம். அன்று தைப்பூசம் நடந்த தண்ணீர்மலை அடிவாரத்தில் அடித்த வெயில் நேராகப் பட்டது அந்தப் பிலிமில்தான். அந்தக் கால ஸ்டூடியோக்காரர்கள் பயன்படுத்திய 120 என்ற அகலமான சுருள் பிலிமில் ஒரு படம் ஏறக்குறைய ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர். அதை விளக்குப் பலகையில் வைத்து உருப்பெருக்கியால் பாருங்கள். நெகட்டிவில் வெளிச்சமும் இருளும் இடம் மாறியிருக்கும், அதனால் வேட்டி கறுப்பாகவும் தலைமுடி வெளுப்பாகவும் தெரியும். கண் பழகியதும், கூட்டத்தின் கடைசி வரிசையில் அப்பாவின் தோளில் அமர்ந்திருக்கும் குழந்தையின் காப்பு தெரியும், பின்னாலுள்ள கடைப் பலகையின் எழுத்தும் தெரியும். நாளை இதைவிட நல்ல ஸ்கேனர் வந்தால் அதே நெகட்டிவிலிருந்து இன்னும் நுட்பமான பிரதி எடுக்கலாம். சிறிதாக்கிய கோப்பு இனி எதையும் தராது.

வைத்திருந்தால் மட்டும் போதாது. நம் ஊரின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியது. பழைய பிலிம்களில் பெரும்பாலானவை அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் சிதைவு தொடங்கிவிட்டது. அதைத் தாமதப்படுத்தலாம், திருப்ப முடியாது. பக்கத்திலுள்ள பிலிம்களையும் அது கெடுக்கும் என்பதால் உடனே பிரித்து வைத்து, அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். பூஞ்சணம் வேறு இருக்கிறது. பிலிமின் மேற்பூச்சிலுள்ள ஜெலட்டின் அதற்கு நல்ல தீனி. பி.வி.சி. உறைகள் வேண்டாம், அமிலமில்லாத காகித உறையோ பாலிபுரோப்பிலீன் உறையோ போதும். இறுக மூடும் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், குளிர்சாதன அறையில் ஒரு மூலை. ஓர் ஆலயத்தின் ஒரு நாள் அன்னதானச் செலவுகூட ஆகாது.

இன்னொரு கோரிக்கை. தைப்பூசத்தன்று ஆயிரக்கணக்கான கைப்பேசிகள் படமெடுக்கின்றன. எடுக்கட்டும், செய்தி உடனே போய்ச் சேர அதுவே சிறந்த வழி. ஆனால் பத்தாண்டு கழித்து அவற்றில் எது யாரிடம் இருக்கும்? ஆண்டுதோறும் ஒரு கறுப்பு வெள்ளைப் பிலிம் சுருளையாவது ஒருவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். 36 படங்கள்தான். ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் எடுப்பார். முறையாகக் கழுவி, நன்றாகப் பாதுகாத்தால், அதில் படத்தை உருவாக்கும் வெள்ளித் துகள்கள் வண்ணப் பிலிமின் சாயத்தைவிட நெடுங்காலம் நிற்கும். பிலிம் செத்துப்போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2012இல் திவால் பாதுகாப்புக் கோரிய பிலிம் நிறுவனமான கோடாக், நிறுத்தியிருந்த எக்டாகுரோம் என்ற வண்ண ஸ்லைடு பிலிமை 2018இல் மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்தது. கேமரா நிறுவனமான பென்டாக்ஸ் 2024இல் புதிய பிலிம் கேமராவையே வெளியிட்டது. எடுத்துத்தர ஆர்வமுள்ள இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, நெகட்டிவ் பெட்டிக்குப் பொறுப்பாளர் யார் என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். உறைகளின் மேல் ஆண்டையும் விழாவையும், அடையாளம் தெரிந்தவர்களின் பெயர்களையும் பென்சிலால் குறிக்க வேண்டும். அதற்கு ஆலயத்தின் மூத்தவர்களை இந்த ஆண்டே அழைத்து உட்காரவையுங்கள்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து ஒரு புகைப்படக்காரன்