செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வருகை தந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொதுக்குழு ஜூன் மாதத்தில் கூடியது. செயற்குழுவை ஏழு முறை கூட்டினேன். மூன்று முறை போதிய உறுப்பினர்கள் வராததால் கலைய நேர்ந்தது. கேரம், சதுரங்கப் போட்டிகள் வழக்கம்போல் நடந்தன. ஆயுத பூஜை கொண்டாடப்பட்டது. மாடி அறைக்கு வெள்ளையடிக்கப்பட்டது.

இனி, பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டுக்கான ஞாயிறு மாலைப் பயிற்சி வகுப்பு. "விளையாடுவதற்கு எதற்கு வகுப்பு?" என்று செயற்குழுவிலேயே இருவர் கேட்டார்கள். ஆகவே இதை விரிவாகப் பதிவு செய்வது என் கடமை.

பால்டர்ஸ் கேட் 3, பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டூடியோஸ் 2023 ஆகஸ்டில் கணினிக்கு வெளியிட்ட விளையாட்டு. 1974 முதல் மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடப்படும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளே இதற்கு அடிப்படை. மேசையில் ஆடும்போது விதி தெரிந்த ஒருவர் நடுவராக இருந்து புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பார். கணினியில் அந்த ஆள் இல்லை. நம் உறுப்பினர்கள் பலர் வாங்கிய வாரமே முதல் சண்டையில் தோற்று மூடி வைத்ததற்கு இதுதான் காரணம். அந்த ஆளின் இடத்தை நிரப்பவே வகுப்பைத் தொடங்கினேன்.

வீரன், மந்திரவாதி என்று நம் பாத்திரத்தின் வகையைக் குறிக்கும் கிளாஸில் எதைத் தேர்வது என்று ஒரு மாலை முழுவதும் தயங்க வேண்டாம் என்பதுதான் முதல் பாடம். விளையாட்டில் பின்னால் நம் முகாமுக்கு வந்து சேரும் விதர்ஸ் என்பவர், 100 தங்கக் காசுக்கு அதையே மாற்றித் தருவார். எளிய நிலையான எக்ஸ்ப்ளோரரில் தொடங்குவதில் வெட்கமில்லை. கைபழகியதும் நிலையை உயர்த்திக்கொள்ளலாம்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. வாளை ஒருமுறை வீசிவிட்டு உடனே தங்கள் முறையை முடித்துவிடுகிறார்கள். ஒரு முறையில் ஆக்‌ஷன் என்ற முதன்மைச் செயல் ஒன்று, போனஸ் ஆக்‌ஷன் என்ற கூடுதல் சிறு செயல் ஒன்று, நகர்வதற்கான தூரம் ஆகிய மூன்றும் நம் கையில் இருக்கின்றன. மருந்து குடிப்பதும், விளிம்பில் நிற்கும் எதிரியைத் தள்ளிவிடுவதும் போனஸ் ஆக்‌ஷனில் அடங்கும். மேட்டில் ஏறி நின்று அம்பு எய்தால், குறி தப்புமா என்பதற்குக் கணினி உருட்டும் பகடை எண்ணோடு 2 கூடும். பள்ளத்திலிருந்து எய்தால் 2 குறையும். இதைக் கடைப்பிடித்தாலே பாதிச் சண்டை வென்ற மாதிரி.

ஓய்வெடுக்கவும் பயப்படுகிறார்கள். நீண்ட ஓய்வுக்கு, பேலன்ஸ்டு என்ற நடுத்தர நிலையில் 40 அளவு உணவு போதும். வழியில் கிடைக்கும் பீப்பாய்களையும் பெட்டிகளையும் திறந்து பார்ப்பவருக்கு அது தட்டுப்படாமல் போகாது. முகாமில் தூங்கினால்தான் கதையில் நம்மோடு வரும் தோழர்கள் மனம்விட்டுப் பேசும் காட்சிகள் வரும். தூங்காமல் ஓடுகிறவர் கதையில் பாதியை இழக்கிறார்.

வகுப்பில் ஒரு நாள் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நம்மிடம் கற்கிறார். அவருடைய பாத்திரம் கிளெரிக், அதாவது தெய்வ அருளால் மந்திரம் போடும் பூசாரி. முதல் முறையில் பிளெஸ் மந்திரத்தால் மூவரை ஆசீர்வதித்தார். அடுத்த முறையில் தன்னைக் காத்துக்கொள்ள ஷீல்டு ஆஃப் ஃபெய்த் போட்டார். "தம்பி, என் ஆசீர்வாதம் எங்கே போயிற்று?" என்றார். மூவர் தலைமேலும் இருந்த அடையாளம் மறைந்துவிட்டிருந்தது. இரண்டுமே கான்சென்ட்ரேஷன் வகை, அதாவது போட்டவர் மனத்தை ஒருமுகப்படுத்தித் தாங்க வேண்டிய மந்திரங்கள். ஒருவர் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தாங்க முடியும். அவர் மந்திரப் பட்டியலை ஒவ்வொன்றாகத் திறந்து, அந்தச் சொல் இருப்பவற்றையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். சில வாரங்களில் சிலந்தித் தாயின் குகைக்குப் போனோம். அந்தச் சிலந்தி, வலையாலான பாலத்தின் நடுவில் வந்து நின்ற நேரம் பார்த்து, அவர் நெருப்புக் குப்பியை எறிந்தார். வலை எரிந்து அது பள்ளத்தில் விழுந்தது. நான் சொல்லிக்கொடுக்காத உத்தி அது. அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இந்த அறிக்கையில் சேர்ப்பது முறைதான் என்று கருதுகிறேன்.

ஆனால் இந்த விளையாட்டை இணைந்து ஆட நால்வர் வேண்டும் என்று அறிவித்தபோது, என்னையும் ஆசிரியையையும் தவிர இரண்டு உறுப்பினர்கள் பெயர் கொடுத்தார்கள். ஆசையாகப் பாத்திரம் உருவாக்கினார்கள். நான்காம் வாரத்திலிருந்து வரவில்லை. தொலைபேசியில் அழைத்தேன், "அடுத்த வாரம்" என்றார்கள். மூன்று மாதம் அவர்கள் பாத்திரங்களையும் சேர்த்து நானே நகர்த்தினேன். இறுதியில் முகாமில் இதற்கென்றே இருக்கும் அலமாரியில் அவ்விரண்டையும் வைத்துவிட்டு, விளையாட்டிலுள்ள தோழர்களை அழைத்துக்கொண்டோம். வர இயலாதவர் ஒரு சொல் சொல்லியிருந்தால், காத்திருந்த வேறு இருவருக்கு அந்த இடத்தைக் கொடுத்திருப்பேன்.

சந்தாவையும் இதோடு சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. உறுப்பினர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இவ்வாண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை. சிலருக்குச் சென்ற ஆண்டு நிலுவையும் உண்டு. கணினியின் பழுதுக்கு ஆன செலவை நான் முன்பணமாகக் கொடுத்திருக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வாடகையும் மின்கட்டணமும் போக வரவும் செலவும் அநேகமாகச் சரிக்குச் சரி, கையிருப்பு சொற்பமே.

அறையைக் குறைந்த வாடகைக்குத் தந்த வீட்டு உரிமையாளருக்கும், தலைவர் அவர்களுக்கும், கணக்கைத் தணிக்கை செய்த உறுப்பினருக்கும், போட்டிகளுக்குப் பரிசளித்தவர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டு வகுப்பு நடக்குமா என்று பலர் கேட்கிறார்கள். மின்கட்டணத்துக்குச் சந்தா வர வேண்டும். நாற்காலிகளில் ஆள் உட்கார வேண்டும். நான் ஞாயிறு ஐந்து மணிக்கு அறையைத் திறந்துவிடுவேன். ஆசிரியை ஐந்து நிமிடம் முன்பே படிக்கட்டில் காத்திருப்பார். அலமாரியில் வைத்த இரண்டு பாத்திரங்களையும் அழிக்கவில்லை; அவர்கள் சேர்த்த வாளும் கவசமும் அப்படியே இருக்கின்றன. எப்போது வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்