பி.டி. பீரியட்ல என் பையனையும் விளையாட விடச் சொல்லுங்க

அனுப்புநர்:
ஏழாவது படிக்கிற பையனோட அம்மா,
சேலம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், சேலம்.

பொருள்: மாற்றுத்திறனாளி பசங்களையும் விளையாட்டு வகுப்புல சேக்கச் சொல்லி உத்தரவு போட வேண்டி.

ஐயா, வணக்கம். என் பையனுக்கு பிறவியிலேயே வலது கால் சூம்பி இருக்கும், காலிப்பர் போட்டுதான் நடப்பான். அரசு பள்ளியில வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியட், ரெண்டுலயும் அவனுக்கு ஒரே வேலை, வேப்பமரத்தடியில உக்காந்து மத்த பசங்க செருப்புக்கும் வாட்டர் பாட்டிலுக்கும் காவல். புதன்கிழமை வெள்ளை யூனிபார்ம். பக்கத்து வீட்டு அக்கா அவங்க பையன் சட்டையில செம்மண் கறை போகலன்னு பிரஷ் போட்டு தேய்ப்பாங்க, என் பையன் சட்டை மட்டும் போட்டுட்டு போன மாதிரியே திரும்பி வரும்.

பி.டி. சாரை நேர்ல போய் கேட்டேன். கெட்டவர் இல்லீங்க, "பாவம்மா, விழுந்து அடிபட்டா நாளைக்கு நீங்களே வந்து என் சட்டையத்தானே புடிப்பீங்க"ன்னார். பாதி நியாயம்தான், அறுபது பசங்களை ஒத்த விசிலோட மேய்க்கிறார், இந்த மாதிரி பசங்களுக்கு எப்படி சொல்லித் தரணும்னு அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லையாம். ஆனா எங்க தெரு பசங்க அவனுக்குன்னு தனி ரூல் வச்சிருக்காங்க, அவன் அடிச்சா ஓடுறதுக்கு வேற பையன், பால் போடுறப்ப ரெண்டு எட்டு முன்னாடி நின்னுக்கலாம், இதுக்கு எந்த டிரெய்னிங்கும் அவங்களுக்கு தேவைப்படல.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 16வது பிரிவு, படிப்போட விளையாட்டுலயும் சம வாய்ப்பு தரணும்னு சொல்லுது. நம்ம மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவும் கால் ஊனமானவர்தான், ரியோ பாராலிம்பிக்ஸ் ஹை ஜம்ப்புல 1.89 மீட்டர் தாண்டி தங்கம் வாங்கினார், சின்ன வயசுல அவரை ஹை ஜம்ப் பக்கம் தள்ளிவிட்டதே ஸ்கூல் பி.டி. சார்தான். பையன் மெடல் வாங்கணும்னு கேக்கலீங்க, சட்டை அழுக்கானா போதும்.

அதனால யாரையும் உக்கார வைக்கக் கூடாதுன்னு எல்லா ஸ்கூலுக்கும் சர்க்குலர் அனுப்புங்க. சமக்ர சிக்‌ஷா திட்டத்துல மாற்றுத்திறனாளி பசங்களுக்குன்னு இருக்கிற சிறப்புப் பயிற்றுநரை பி.டி. சாரோட கிரவுண்டுக்கே வந்து ஒரு நாள் சொல்லித் தரச் சொல்லுங்க. கவனமா பாத்தும் அடிபட்டா சார் மேல பழி வராதுன்னும் அதுலயே போடுங்க, என் பங்குக்கு நானும் எழுதிக் குடுக்க ரெடி.

பையன் அவர்கிட்டதான் தினமும் நிக்கணும், அதான் ஸ்கூல் பேரும் சார் பேரும் எழுதல. கூப்பிட்டா நேர்ல சொல்றேன்.

இப்படிக்கு,
ஒரு அம்மா