அட்டை தீர்ந்துபோன இடம்

சென்னிமலை,
வைகாசி, ஞாயிறு வெடியால

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போன வாரம் நீ போன் பண்ணினபோது உன் பட்டறைத் தறிச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. "உன்ற கம்ப்யூட்டர் எப்படி மறுபடி ஏந்திருச்சுன்னு விவரமா எழுது, பொறகுதான் நான் கை வைப்பேன்" என்றது மட்டும் நன்றாகக் கேட்டது. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை சோமனூரில் உன் பயாஸைத் தொடாதே, அதாவது ஆன் பண்ணினதும் முதலில் ஓடி மெஷினை எழுப்புகிற, போர்டின் சிப்பில் எழுதியிருக்கும் புரோகிராமை.

நம் இரண்டு பேருடையதும் ஒரே மாதிரி மதர்போர்டு. எட்டாம் தலைமுறை பிராசஸரோடு வாங்கினோம். ஒன்பதாம் தலைமுறை போட்டால் அதே சாக்கெட்டில் உட்காரும், ஆனால் புது பயாஸ் ஏற்றினால்தான் போர்டு அதை அடையாளம் காணும். அதற்காகத்தான் அன்று மத்தியானம் ஆரம்பித்தேன். மேற்கே மேகம் கட்டியிருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் ஆரம்பித்தேன் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பாதி தாண்டியிருக்கும், காற்று அடித்தது, கரண்ட் போனது. யு.பி.எஸ். பேட்டரி மூன்று வருஷப் பழசு, அரை நிமிஷம்கூடத் தாங்கவில்லை. கரண்ட் வந்ததும் பட்டனை அமுக்கினேன். ஃபேன் சுற்றியது, லைட் எரிந்தது, திரை மட்டும் கருப்பாகவே நின்றது.

எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். போர்டில் இருக்கும் 2032 பட்டன் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், செட்டிங்கை அழிக்கும் ஜம்பரை மாற்றிப் பார்த்தேன், பென்டிரைவில் பயாஸ் ஃபைலைப் போர்டு கேட்கும் பெயரில் வைத்துச் செருகினேன். ஒன்றுக்கும் அசையவில்லை. ஈரோட்டில் ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப்போனேன். கவரைக்கூடத் திறக்காமல் "போர்டு செத்துப்போச்சுங்க, வேற போட்டுக்குங்க" என்றார்கள். டிசைன் எல்லாம் ஹார்டு டிஸ்கில் பத்திரமாக இருந்தது, அதில் பயமில்லை. என் பயம் லைசென்ஸ். தறியில் பூ எடுக்கும் நம் ஜக்கார்டு டிசைன் சாஃப்ட்வேரின் லைசென்ஸ், போர்டில் நெட்வொர்க் வயர் செருகும் லேனின் தனி எண்ணோடு கட்டியது, உனக்குத் தெரியும். போர்டு மாறினால் அதுவும் போச்சு. விற்றவர்களோ இப்போது போனையே எடுப்பதில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் 1999 ஏப்ரல் 26 ஞாபகம் வந்தது. உனக்கும் மறந்திருக்காது. செர்னோபில் வைரஸ் என்று பேப்பரில் எல்லாம் வந்ததே, நம் லேபில் நான்கு மெஷின் ஒரே நாளில் படுத்துக்கொண்டது. அந்த வைரஸ் ஹார்டு டிஸ்கோடு நிற்காமல் பயாஸ் சிப்பையும் அழித்தது. நம் சார் என்ன பண்ணினார்? நல்ல மெஷின் ஒன்றை ஆன் பண்ணி, ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பயாஸ் சிப்பை சாக்கெட்டிலிருந்து நெம்பி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செத்த சிப்பை வைத்து எழுதினார். நீ டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாய். எழுதி முடிக்கும்வரை யாரும் மூச்சு விடவில்லை. அந்த நான்கும் பிழைத்தன. அன்று போர்டு சாகவில்லை, அதிலிருந்த எழுத்துத்தான் அழிந்தது. இன்றும் அதேதான் என்று தோன்றியது.

இப்போது சிப்பைச் சாக்கெட்டில் வைப்பது அபூர்வம், நேராகப் பற்ற வைத்துவிடுகிறார்கள். எட்டுக் கால், ஓரத்தில் ஒரு புள்ளி. நம் போர்டில் இருப்பது 25க்யூ128, 16 எம்.பி., 3.3 வோல்ட்டில் வேலை செய்வது. கழற்றாமல் மேலேயே கவ்வுகிற கிளிப் கிடைக்கிறது. அதோடு சிஎச்341ஏ என்கிற சின்ன புரோகிராமர், சிப்பைப் படிக்கவும் எழுதவும் ஆகும் கருவி, சில நூறு ரூபாய்தான். ஒன்றை மட்டும் கவனி. கருப்பு நிறத்தில் வருகிற புரோகிராமரில் சிப்புக்குப் போகும் கரண்ட் 3.3 வோல்ட் என்றாலும், டேட்டா கால்களில் 5 வோல்ட் வந்துவிடுகிறது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததும் எனக்கே தெரிந்தது. அதைச் சரிபண்ணி வைத்திருந்த ஒருவரிடம் கேட்டு வாங்கினேன். மின்வயரை உருவிவிடு, 2032 பேட்டரியையும் கழற்று, பிறகே கிளிப்பை மாட்டு. சிவப்பு வயர் புள்ளி இருக்கும் காலுக்கு வரவேண்டும்.

உனக்கு நான் நெம்ப அழுத்திச் சொல்ல வருவது இதைத்தான். கை பரபரக்கும், நல்ல ஃபைலை உடனே எழுதிவிடலாம் என்று தோன்றும். எழுதாதே. கெட்டுப்போன சிப்பில் என்ன இருக்கிறதோ அதை முதலில் அப்படியே படித்து எடுத்து வை. லினக்ஸில் ஃபிளாஷ்ரோம் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். இரண்டு தடவை படித்தேன், இரண்டு நகலும் ஒத்துப்போகவில்லை. கிளிப் சரியாகக் கவ்வவில்லை என்று அர்த்தம். கால்களைத் துடைத்து மறுபடி மாட்டி, மூன்று நகல் வரிசையாக ஒரே மாதிரி வந்த பிறகுதான் நம்பினேன்.

அந்த நகலைத் திரையில் திறந்து ஓட்டிக்கொண்டு வந்தேன். ஆரம்பத்தில் எழுத்தும் எண்ணுமாக நெருக்கமாக இருந்தது. 10 எம்.பி. தாண்டிய ஓர் இடத்தில் திடீரென்று எஃப்எஃப், எஃப்எஃப், எஃப்எஃப் என்று கடைசி வரைக்கும் அதே. அப்பா பின்னால் வந்து நின்றார். இப்போது கண்ணுக்கு அறுவை முடிந்து பார்வை தெளிவாக இருக்கிறது. என்ன இது என்று கேட்டார். இந்த சிப்பில் அழித்தால் எல்லாம் 1 என்ற எண்ணாகிவிடும், அதைத்தான் திரை எஃப்எஃப் என்று காட்டுகிறது, எழுதுவது என்றால் வேண்டிய இடத்தில் பூஜ்யம் போடுவது, அழித்து வைத்தது வெறும் அட்டை மாதிரி, எழுதினது குத்தின அட்டை மாதிரி என்று சொன்னேன். முப்பது வருஷம் கிராஃப் தாளில் கட்டம் நிரப்பி, ஊடை என்கிற குறுக்கிழைக்கு ஓர் அட்டை என்று ஜக்கார்டுக்குக் குத்திக் கொடுத்த மனுஷன். சித்த நேரம் பார்த்துவிட்டு, "எத்தனாவது ஊடையில நின்னுச்சு?" என்றார்.

மாப்பிள்ளை, எனக்கு அந்தக் கேள்வி வரவே இல்லை. நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு ரோசனை பண்ணினதும் எல்லாம் விளங்கியது. பிராசஸர் உயிர் வந்ததும் முதல் கட்டளையைத் தேடிப் போவது பயாஸின் கடைசி 16 பைட்டுக்கு. அங்கே வெறும் அட்டை. பென்டிரைவைத் தேடிப் படிக்கும் வேலையும் அந்தக் கடைசிப் பகுதியில்தான் எழுதியிருக்கும், பிறகு எப்படி அசையும்? ஆனால் முன்பகுதி கலையவே இல்லை. லேனின் எண் இருக்கும் 8 கே.பி. பகுதி முன்னால்தான், சிப்பின் தொடக்கத்துக்குப் பக்கத்தில். போர்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் உள்ள ஆறு ஜோடி எழுத்தோடு ஒப்பிட்டேன், ஓர் எழுத்துப் பிசகவில்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கியது.

தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கிய ஃபைல் 2,048 பைட் அதிகமாக இருந்தது. முன்னால் ஒரு தலைப்பு ஒட்டியிருக்கிறார்கள், அதோடு எழுதினால் எல்லாமே தள்ளிப்போய் உட்காரும். அதை வெட்டிச் சரியாக 1,67,77,216 பைட் ஆக்கினேன். அந்த ஃபைலில் லேன் எண் இருக்கவேண்டிய இடம் காலி. பழைய நகலிலிருந்து அந்த 8 கே.பி.யை மட்டும் எடுத்து அங்கே பொருத்தினேன். பாவு அறுந்த இடத்தில் இழை சேர்த்து முடி போடுவது போலத்தான். பிறகு எழுதினேன். எழுதினதைத் திரும்பப் படித்துச் சரி என்று மென்பொருளே சொன்னது.

கிளிப்பை எடுத்து, பேட்டரி மாட்டி, பட்டனை அமுக்கினால் மறுபடி கருப்புத் திரை. முதல் தடவை மெமரியைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். அணைத்துவிடாதே, காத்திரு. ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகி, படம் வந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் டீ சொல்லிவிட்டு வந்தார். தேதி, பூட் வரிசை எல்லாம் புதிதாக வைக்கவேண்டியிருந்தது. லைசென்ஸ் கேள்வி கேட்காமல் திறந்தது. நிறுத்தி வைத்திருந்த மயில் டிசைன் பெட்ஷீட்டை மறுநாளே தறிக்குக் கொடுத்துவிட்டேன்.

நீ ஆரம்பிக்கும்போது யு.பி.எஸ்.ஸுக்குப் புது பேட்டரி போட்டுக்கொள். விண்டோஸில் இருந்து செய்யாமல் பயாஸுக்குள்ளேயே இருக்கும் வசதியில் செய். பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாள் எது என்று பார்த்துக்கொள். அதற்கெல்லாம் முன்னால், நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் இப்போதே உன் சிப்பை ஒரு நகல் எடுத்து எனக்கும் ஒன்று அனுப்பிவிடு. உன்னுடையது என்னிடமும், என்னுடையது உன்னிடமும் இருக்கட்டும்.

தங்கச்சிக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? பெரியவன் கோயம்புத்தூரில் சேர்ந்துவிட்டானா? எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம். அப்பா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

புரோகிராமரையும் கிளிப்பையும் சின்ன டப்பாவில் சுற்றி, நாளைக்கு வெடியால கோயம்புத்தூர் பஸ்ஸில் தாட்டி விடுகிறேன். கிளிப்பின் ஒரு பல் கொஞ்சம் தளர்வு, அழுத்திப் பிடி. வேலை முடிந்ததும் பார்சலில் போடாமல் நீயே எடுத்துக்கொண்டு வா.

உன் மச்சான்