நல்ல கண்ணில் நடந்த அறுவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் வெளிவந்த மாறுகண் பற்றிய கட்டுரை, தளர்ந்த கண் தசையை அறுவை சிகிச்சை வலுப்படுத்திவிடும் என்ற எண்ணத்தைத் தருகிறது. அச்சிகிச்சையைச் செய்துகொண்டவன் என்ற முறையில் சில விளக்கங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

தலையில் அடிபட்டதில் என் வலக்கண்ணின் மேற்சாய்தசையை இயக்கும் நான்காம் மூளை நரம்பு பாதிக்கப்பட்டது. கண்ணைக் கீழ்நோக்கித் திருப்புவதில் அத்தசைக்குப் பெரும்பங்கு உண்டாதலால், வலக்கண் சற்று மேலேறி நின்றுவிட, இறங்கும் படிக்கட்டுகளும் படிக்கும் வரிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இரண்டாகத் தெரிந்தன. தலையை இடப்புறம் சாய்த்தால் காட்சி ஒன்றாகும் என்பதால் நாளெல்லாம் சாய்த்தபடியே இருந்து கழுத்து வலியையும் தேடிக்கொண்டேன். நரம்பு தானாகத் தேறக்கூடும் என்று மருத்துவர் 6 மாதம் காத்திருக்கச் சொன்னார். அதுவரை, ஒளியை வளைத்து இரு காட்சிகளையும் ஒன்றுசேர்க்கும் பிரிசம் கண்ணாடி ஓரளவு கைகொடுத்தது.

அதன்பின் அறுவை நடந்தது, பழுதில்லாத இடக்கண்ணில். கண்ணை மாற்றிச் செய்துவிட்டார்களோ என்று வீட்டார் பதறிப்போனார்கள். செயலிழந்த நரம்பைத் தையல் போட்டு உயிர்ப்பிக்க முடியாது என்பதும், ஒவ்வொரு கண்ணையும் இயக்கும் 6 தசைகளுக்கு இடையிலான இழுவையைத்தான் மாற்றியமைக்க முடியும் என்பதும் அப்போது எங்களுக்குப் புரிந்திருக்கவில்லை. இடக்கண்ணைக் கீழே இழுக்கும் நேர்தசையை அது ஒட்டியிருந்த இடத்திலிருந்து பிரித்து, சில மில்லிமீட்டர் பின்னால் தைத்தார்கள். அதன் பிடி குறைந்ததும், வலக்கண் எவ்வளவு இறங்குகிறதோ ஏறக்குறைய அவ்வளவே இடக்கண்ணும் இறங்கியது. இரட்டைக் காட்சி ஒன்றானது. தையலின் முடிச்சை இறுக்காமல் வைத்திருந்து, மயக்கம் தெளிந்தபின் எனக்குத் தெரிவதைக் கேட்டுக் கேட்டுச் சரிசெய்து முடித்தார்கள். 1839-இல் பெர்லினில் டீஃபென்பாக் என்ற அறுவை மருத்துவர் ஒரு சிறுவனின் கண் தசையை வெட்டிவிட்டு மாறுகண்ணைத் திருத்திய காலத்தில் இந்த வசதி ஏது?

இது தோற்றத்துக்காகச் செய்வது என்று கட்டுரை ஒதுக்கியதுதான் எனக்கு உறுத்துகிறது. பெரியவருக்கு இரட்டைப் பார்வை வந்தால் அவரே சொல்லிவிடுவார். குழந்தையின் மூளையோ ஒரு கண்ணின் காட்சியைப் புறக்கணிக்கப் பழகிவிடுவதால் அது முறையிடாது. அந்தக் கண் சோம்பிவிட்டால், அறுவையால் நேரானாலும் பார்வை தானாகத் திரும்பாது. கண்ணாடியும், நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடிவைக்கும் சிகிச்சையும் தனியே வேண்டும்.

எனக்கும் முழுமையாகச் சரியாகிவிடவில்லை. தலையைக் குனியாமல் காலடியைப் பார்த்தால் இன்றும் இரண்டாகத்தான் தெரிகிறது. அறுவைக்கு முன்பே மருத்துவர் இதைச் சொல்லியிருந்ததால் நான் ஏமாற்றமடையவில்லை. அடுத்து எழுதும்போது, இச்சிகிச்சையால் எது இயலாது என்பதையும், சிலருக்கு இரண்டாவது அறுவை தேவைப்படும் என்பதையும், திடீரென்று தோன்றும் இரட்டைப் பார்வையை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதையும் கட்டுரையாளர் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்