வாசனையில்லாத மரம்

ஹாமில்டன், நியூசிலாந்து

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நலம். நீங்கள், பெரியம்மா, பட்டறை ஆட்கள் எல்லோரும் நலமா? அந்த ஊரில் என்ன மரம் கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். வீடு கட்ட எல்லாம் பைன்தான். ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டிய மரம் வேறு.

இங்கே ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு. யாராவது ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, இருக்கும் இடத்தை இணையத்தில் போட்டுவிடுவார்கள். ஜிபிஎஸ்ஸை வைத்துத் தேடிப்பிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, பழையபடி வைத்துவிட வேண்டும். பரிசு கிரிசு ஒன்றும் கிடையாது. 2000 மே மாதம் அமெரிக்காவில் ஆரம்பித்ததாம். வேலையிடத்து நண்பர் ஒருவருக்கு இதே பைத்தியம். அவர்தான் என்னை ஜூபிலி பூங்காவுக்கு இழுத்துப் போனார்.

ஊர் நடுவில் இருக்கிற பூங்கா. உள்ளே பழைய சதுப்புக்காட்டின் மிச்சம், அதில் கஹிகட்டேயா மரங்கள். டப்பாவை ஒளித்தவர் அந்த மரத்தின் கதையையும் எழுதிவைத்திருந்தார். இந்த நாட்டு மரங்களிலேயே உயரமானது அதுதான், 60 மீட்டரையும் தாண்டும். சேற்றில் நிற்க அடிமரம் பக்கவாட்டில் பலகை பலகையாக விரிந்திருக்கிறது. பழம் நம் முந்திரி மாதிரி, சிவந்த சதைக்கு வெளியே நுனியில் விதை. இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அதைச் சாப்பிடுவார்களாம்.

சரி, தச்சருக்கான விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பலகைக்கு வாசனையே கிடையாது! மோந்து பார்த்தே மரம் வாங்குகிற உங்களுக்கு இது குறையாகத் தோன்றலாம். வெள்ளைக்காரர்களுக்கு அதுதான் பிடித்துப்போனது. 1882இல் குளிர்பதன வசதியோடு முதல் கப்பல் இங்கிருந்து இங்கிலாந்து போனது. அதற்குப் பிறகு வெண்ணெய் ஏற்றுமதி பெருகியது. வெண்ணெயில் மரவாடை ஏறக்கூடாதே, அதனால் பெட்டிகளுக்கெல்லாம் கஹிகட்டேயாதான். காட்டை வெட்டிப் பெட்டி செய்தார்கள், சதுப்பை வடித்துப் புல் வளர்த்தார்கள், அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் வெண்ணெய் அதே பெட்டியில் கப்பலேறியது. எனக்கு இந்தக் கணக்கு மனதை விட்டுப் போகவே இல்லை. இப்போது மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தோப்புகள் மிச்சம். மண்ணில் ஈரம் குறைந்துவிட்டதால் அவையும் திணறுகின்றன.

கட்டில், கதவுக்கு ஆகுமா என்று கேட்பீர்கள். ஆகாது, வண்டு துளைத்துவிடும்.

டப்பா காட்டுக்குள் இல்லை, வெளி வேலியோரம். வேர் மிதிபடக்கூடாது என்று யோசித்து வைத்திருக்கிறார் அதை ஒளித்தவர், கெட்டிக்காரர். அடர்ந்த இலைக்குக் கீழே ஜிபிஎஸ் தடுமாறுவதால் கொஞ்சம் அலைந்தோம். நாயோடு வந்த ஒரு அம்மா எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். நோட்டில் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம், கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். பணம் இந்த வாரம் அனுப்புகிறேன். அதுவரை அறுப்பு மெஷின் பக்கம் நீங்கள் போக வேண்டாம், தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
குமார்